பணம் போகலைன்னா கேஸ் இல்லையா?

நான் வக்கீல். எஸ்ஐ ட்ரெய்னிங்ல இருக்கிற பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் சைபர் சட்டம் சொல்லிக் கொடுக்க அப்பப்போ கூப்பிடுவாங்க. ஐடென்டிட்டி தெஃப்ட், கார்டு மோசடின்னு ஆரம்பிச்சாலே ஒரு கேள்வி தவறாம வந்துடும், "சார், பெட்டிஷன் குடுக்கிறவங்க கையை விட்டு ஒத்தப் பைசா போகலையே, இதுக்கு எப்படி சார் எஃப்ஐஆர் போடறது?" கேட்கிறவங்க மேல எனக்குக் கோபமே வராது. ஸ்டேஷனுக்குள்ள வர்றவங்க கிட்ட "எவ்ளோ போச்சு?"ன்னு கேட்டுத்தான் பேச்சே ஆரம்பிக்குது, அதைப் பார்த்துத்தானே இவங்களும் கத்துக்கிறாங்க. ஆனா சட்டம் அந்தக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கல, அதைத்தான் இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு.

ஐடி ஆக்ட், அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000ல வந்தப்போ 66சின்னு ஒரு செக்‌ஷனே கிடையாது. 2008 திருத்தத்துல சேர்த்து 2009 அக்டோபர் 27ல இருந்துதான் அமலுக்கு வந்துச்சு. அதுல இருக்கிறது ரொம்பச் சின்ன விஷயம். இன்னொருத்தரோட எலக்ட்ரானிக் கையெழுத்தையோ பாஸ்வேர்டையோ, அவருக்குன்னே இருக்கிற வேற எந்த அடையாளத்தையோ நேர்மையில்லாமயோ மோசடியாவோ யூஸ் பண்ணினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன். அவ்ளோதான். கெட்ட எண்ணம் இருக்கணும், யூஸ் பண்ணியிருக்கணும். நஷ்டம் ஆகி முடிஞ்சிருக்கணும்னு அதுல ஒரு வார்த்தை கூட இல்ல. ஒருத்தர் பின் நம்பரை வச்சு ஏடிஎம்ல பணம் எடுக்கப் பார்த்து மெஷின் குடுக்கலைன்னா கூட 66சி முடிஞ்சு போச்சு. அதே சமயம் மனைவி தானே கார்டைக் குடுத்து பின்னையும் சொல்லி ஐயாயிரம் எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பினா அங்க கெட்ட எண்ணமே இல்ல, அது குத்தமும் இல்ல. பக்கத்துலயே 66டி இருக்கு, அது போன், கம்ப்யூட்டர் மூலமா வேற ஆளா நடிச்சு ஏமாத்தறதுக்கு. தண்டனை ரெண்டுக்கும் ஒண்ணுதான்ங்கறதால பல பேர் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. ஒண்ணு அடையாளத்தை யூஸ் பண்றது, இன்னொண்ணு ஆளை ஏமாத்தறது. முதல் குத்தத்துல பாதிக்கப்பட்டவர் யாரோட அடையாளமோ அவர், ரெண்டாவதுல யார் ஏமாந்தாரோ அவர். ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்கணும்னு அவசியம் இல்ல, இந்த ஒரு வித்தியாசம் மண்டையில ஏறிடுச்சுன்னா மீதி எல்லாம் தானா வந்துடும்.

ஏன் இதை இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, எங்கிட்ட வந்த ஒரு அம்மா. அவங்க பான் நம்பரையும் ஆதார் ஜெராக்ஸையும் வச்சு யாரோ ஒரு லோன் ஆப்ல கடன் வாங்கிட்டாங்க, பணம் போனது எவனோட அக்கவுண்டுக்கோ. இவங்களுக்கு விஷயமே தெரியாது, கலெக்‌ஷன் ஆளுங்க போன் பண்ணி அசிங்கமா பேச ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சுது. ஸ்டேஷனுக்குப் போனாங்க. "உங்க காசு எதுவும் போகலையேம்மா, கம்பெனிக்காரன்தான ஏமாந்தான், அவன் வந்து குடுக்கட்டும்"னு சொல்லி புகார் வாங்கினோம்னு காட்டற ஒரு சிஎஸ்ஆர் ரசீது மட்டும் போட்டுக் குடுத்து அனுப்பிட்டாங்க. கம்பெனிக்காரனோ எஃப்ஐஆர் காப்பி இல்லாம கடனை கேன்சல் பண்ண மாட்டேங்கிறான், கடன் கேன்சல் ஆகாம கிரெடிட் ஸ்கோர் சரியாகாது, ஸ்கோர் சரியாகாம பையன் காலேஜுக்குப் போட்டிருந்த எஜுகேஷன் லோன் நகரல. அந்த அம்மா கையில ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர், அதுக்குள்ள அந்த சிஎஸ்ஆர், ஓரம் எல்லாம் கசங்கி. எத்தனை கவுண்டர்ல அதை நீட்டியிருப்பாங்கன்னு அதைப் பார்த்தாலே தெரிஞ்சுது. இவங்க கிட்ட போனது பணம் இல்ல, பேரு. பணம் போனா திருப்பிக் கட்டிடலாம், பேரு போனா ஒவ்வொரு இடத்துலயும் நான் இல்லை நான் இல்லைன்னு நிரூபிச்சுக்கிட்டே இருக்கணும், அதுக்கு அவங்க கையில தேவைப்படற ஒரே காகிதம் எஃப்ஐஆர்.

66சி போலீஸ் வாரன்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய, அதாவது காக்னிசபிள் குத்தம், ஐடி ஆக்ட் 77பி அதைத் தெளிவாச் சொல்லுது. அப்படின்னா லலிதா குமாரி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 2013ல சொன்ன மாதிரி தகவல்ல காக்னிசபிள் குத்தம் தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும். இப்ப பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டம் 173ல எந்த ஸ்டேஷன் எல்லைன்னு பார்க்காம பதிவு பண்ணலாம், மெயில்ல வந்தாலும் ஏத்துக்கிட்டு மூணு நாளைக்குள்ள கையெழுத்து வாங்கினா போதும். மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குத்தத்துக்கு டிஎஸ்பி பர்மிஷனோட 14 நாள் முதல்கட்ட என்கொயரி பண்ணலாம்னு 173(3) சொல்லுது, அது உண்மைதான், ஆனா அது என்கொயரி பண்றதுக்கு, பெட்டிஷனை ஃபைல்ல தூங்கப் போடறதுக்கு இல்ல.

இப்ப கார்டு விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் செக்‌ஷன் தப்பாப் போகுது. "கார்டு மோசடி"ன்னு ஒரே பேர்ல நாலஞ்சு வேற வேற குத்தம் ஒளிஞ்சிருக்கு, எப்படி நடந்துச்சுன்னு கேட்காம செக்‌ஷன் எழுதவே முடியாது. பர்ஸை அடிச்சு கார்டை எடுத்தா, ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 303(2), சாதாரண திருட்டு. கீழ கெடந்த கார்டை எடுத்து வச்சுக்கிட்டு யூஸ் பண்ணினா 314, அடுத்தவர் பொருளைக் கையாடல் பண்றது. பின் இல்லாம தட்டினாலே ஐயாயிரம் வரைக்கும் போயிடும்ங்கறதால இது இப்ப நிறைய நடக்குது, கடைக்காரரை ஏமாத்திப் பொருள் வாங்கியிருந்தா 318(4) சேரும், அது ஏழு வருஷம். பேங்க் மேனேஜர் பேசறேன்னு சொல்லி ஓடிபி வாங்கினா நடிச்சதுக்கு 66டி, அந்த ஓடிபியைப் போட்டதுக்கு 66சி, பணம் வாங்கினதுக்கு 318(4). ஆள் மாறாட்டம்னு பிஎன்எஸ்லயே 319(2) இருக்கு, பழைய ஐபிசி 419ல மூணு வருஷம்னு இருந்தது இதுல அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. பிஎன்எஸ் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த சம்பவம்னா ஐபிசிதான் போடணும், புகார் இன்னைக்கு வந்தாலும் சரி.

ஸ்கிம்மிங், அதாவது கார்டுல இருக்கிற விவரத்தைத் திருட்டுத்தனமா காப்பி எடுக்கிறது, தனிக்கதை. ஏடிஎம்ல கார்டு சொருகற வாய் மேல அதே நிறத்துல ஒரு மெல்லிய மூடி, அதுக்குள்ள சின்னதா ஒரு ரீடர் தலை, கார்டு உள்ள போகும்போதே கருப்புப் பட்டையைப் படிச்சுடும். பட்டையில கார்டு நம்பர், எக்ஸ்பயரி, சர்வீஸ் கோடு எல்லாம் இருக்கும், பின் நம்பர் இருக்காது, அதனாலதான் கீபேடுக்கு மேல எங்கயாவது ஒரு ஊசி முனை கேமராவும் இருக்கும். மூடியை மட்டும் புடுங்கி, கைப்பற்றினதுக்கு மகஜர் எழுதிட்டு கேமராவைத் தேடாம வந்தா பாதி சாட்சி அங்கயே போச்சு. பட்டை கார்டை எல்லாம் 2018 டிசம்பர் 31க்குள்ள சிப் கார்டா மாத்தச் சொல்லி ரிசர்வ் பேங்க் உத்தரவு போட்டதுக்கு இதுதான் காரணம், சிப்பை அப்படி காப்பி அடிக்க முடியாது. ஸ்கிம்மிங்குக்கு பிஎன்எஸ் 112ஐ மறந்துடாதீங்க, சின்ன அளவு அமைப்பு ரீதியான குத்தம்னு புதுசா வந்த செக்‌ஷன், கார்டு ஸ்கிம்மிங் மூலமா திருடறதுன்னு அதுல பேர் சொல்லியே எழுதியிருக்கு. ஒரு வருஷத்துக்குக் குறையாம ஏழு வருஷம் வரைக்கும். ஆனா கும்பல்ல ஒருத்தனா இருந்து செஞ்சான்னு காட்டணும், தனியா ஒருத்தன் செஞ்சதுக்கு இதை ஒட்ட வச்சா கோர்ட்ல நிக்காது.

ஆதார் விஷயத்துல ஒரு வார்த்தை. ஆதார் ஆக்ட் செக்‌ஷனை எஃப்ஐஆர்ல சேர்க்கணும்னு பல பேருக்கு ஆசை, ஆனா அதுல 47வது பிரிவுப்படி ஆதார் ஆணையமோ, சில குத்தத்துக்கு அந்த ஆதார்காரரோ கோர்ட்ல புகார் குடுத்தாதான் கோர்ட் எடுத்துக்கும். ஜெராக்ஸை வச்சு எவனோ சிம் வாங்கியிருந்தா அதை விட டெலிகம்யூனிகேஷன்ஸ் ஆக்ட் 2023ல 42வது பிரிவு நேரடியாப் பொருந்தும், மோசடி பண்ணி சிம் வாங்கறதையே குத்தம்னு சொல்லுது, மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலோ 50 லட்சம் வரைக்கும் ஃபைனோ, இல்லைன்னா ரெண்டுமோ.

எஸ்ஐ ஆகப்போறவங்க இன்னொண்ணையும் மனசுல வச்சுக்கணும். ஐடி ஆக்ட் 78வது பிரிவுப்படி இந்த ஆக்ட் குத்தத்தை இன்ஸ்பெக்டர் ரேங்குக்குக் குறைஞ்சவங்க விசாரிக்கக் கூடாது. நீங்களே விசாரணை அதிகாரியா இருந்து எல்லாத்தையும் பண்ணி சார்ஜ் ஷீட்டும் போட்டுட்டா எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே இதைத்தான் பிடிப்பார், நானா இருந்தாலும் அதைத்தான் பிடிப்பேன்.

அடுத்து, எனக்கு ரொம்பப் பயமா இருக்கிற விஷயம். அடையாளத் திருட்டுல போலீஸ் கண்ணுக்கு முதல்ல தெரியறது திருடன் இல்ல, பேரு திருடு போனவன். சிம் அவன் பேர்ல, அக்கவுண்ட் அவன் பேர்ல, லோன் அவன் பேர்ல. கிளாஸ்ல ஒரு பயிற்சி குடுப்பேன், பேங்க்ல இருந்து வந்த லாகின் விவரம் மாதிரி ஒரு வரி போர்டுல எழுதுவேன், ஒரு ஐபி அட்ரஸ், பக்கத்துல 18:47:12, கடைசியில யூடிசின்னு மூணு எழுத்து. இந்த ஐபியை அந்த நேரத்துல யார் யூஸ் பண்ணாங்கன்னு டெலிகாம் கம்பெனிக்கு லெட்டர் எழுதுங்கன்னா பாதிப் பேர் சாயங்காலம் 6:47ன்னு எழுதுவாங்க. யூடிசிங்கறது உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அதோட அஞ்சரை மணி நேரம் கூட்டணும், அப்ப அது மறுநாள் ராத்திரி 12 மணி 17 நிமிஷம், தேதியே மாறிப் போகுது. சாயங்காலம் அதே ஐபியில இருந்தது சம்பந்தமே இல்லாத எவனோ ஒருத்தன், அவன் வீட்டுக் கதவைத்தான் போய்த் தட்டுவோம். அதோட, மொபைல் நெட்ல ஒரே பப்ளிக் ஐபியை ஒரே நேரத்துல பல பேர் பகிர்ந்துக்கிறாங்க, அதனால அவங்களைப் பிரிச்சுக் காட்டற போர்ட் நம்பரும் சேர்த்துக் கேட்கலைன்னா பெரிய லிஸ்ட்தான் திரும்பி வரும். அந்த லிஸ்ட்ல முதல் பேரைத் தூக்கிட்டு வர்றது விசாரணை இல்ல.

பணம் போன அக்கவுண்டைப் பத்தியும் இதே கவலைதான். கமிஷனுக்கு அக்கவுண்டை வாடகைக்கு விட்டவன் இருக்கான், தெரிஞ்சே திருட்டுப் பணத்தை வாங்கினவனுக்கு பிஎன்எஸ் 317 இருக்கு. பழைய ஐபிசி 410ல திருட்டுச் சொத்துன்னா ஏமாத்தி வாங்கின சொத்து அதுல வரல, பிஎன்எஸ்ல ஏமாத்தினதையும் சேர்த்துட்டாங்க, இது ரொம்ப உபயோகமான மாற்றம். ஆனா அதே பணம் அங்க இருந்து நாலு கை மாறி ஒரு மளிகைக் கடைக்காரர் க்யூஆர்ல 300 ரூபாயா வந்து விழுந்திருக்கும், அவர் அரிசி குடுத்துட்டு வாங்கின காசு அது. அவரோட மொத்த அக்கவுண்டையும் முடக்கச் சொல்லி லெட்டர் போனா அவர் அடுத்த நாள் சரக்கு எடுக்க முடியாது. சந்தேகப்படற தொகையை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதுங்க, மொத்த அக்கவுண்டையும் இப்படி முடக்கக் கூடாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டே 2024ல சொல்லியிருக்கு.

பணம் போன கேஸ்ல நேரம்தான் எல்லாம். சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு உடனே போன் பண்ண வைங்க, பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்குத் தாவறதுக்குள்ள நிறுத்த அதுதான் வழி, ஆனா அது எஃப்ஐஆர் ஆகாதுன்னும் சொல்லிடுங்க. பேங்குக்கும் அன்னைக்கே தகவல் குடுக்கச் சொல்லுங்க. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் பேங்க் சர்க்குலர்ல, பேங்க் மேலயும் தப்பில்ல, கஸ்டமர் மேலயும் தப்பில்ல, நடுவுல எங்கயோ ஓட்டைன்னா, மூணு வேலை நாளைக்குள்ள சொன்னவருக்கு நஷ்டமே கிடையாது, நாலுல இருந்து ஏழு வேலை நாள்னா ஒரு வரம்பு வரைக்கும் அவர் தலையிலன்னு சொல்லியிருந்தாங்க. கஸ்டமர் தப்புன்னு பேங்க் சொன்னா நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான். ஓடிபி குடுத்தவங்களுக்குக் கூட, தகவல் சொன்ன அப்புறம் போற பணத்துக்கு பேங்க்தான் பொறுப்பு. "திங்கக்கிழமை வாங்க"ன்னு ஸ்டேஷன்ல சொல்ற ஒரு வார்த்தையால இந்த உரிமை கை நழுவிப் போகுது.

சாட்சின்னு பார்த்தா, ஸ்கிரீன்ஷாட் பிரின்ட்டை மட்டும் கேஸ் கட்டுல சொருகி வச்சா பத்தாது. புது சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏ 63(4)ல சர்டிபிகேட் வேணும், இப்ப அதுல ரெண்டு பாகம், ஏ பாகம் குடுக்கிறவர் கையெழுத்து, பி பாகம் எக்ஸ்பர்ட் கையெழுத்து, கூடவே ஃபைல் மாறலைன்னு காட்டற ஹாஷ் வேல்யூ. ஏடிஎம் சிசிடிவி மேல மேல பதிவாகி பழசு அழிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால ஃபுட்டேஜை அழிக்காம வைங்கன்னு பேங்குக்கு முதல் நாளே ஒரு லெட்டர் போயிடணும், அதை ஆற அமர வாங்கிக்கலாம்.

அந்த அம்மா கதைக்கு என்ன ஆச்சுன்னா, மேல எஸ்பி ஆபீஸ்ல பெட்டிஷன் குடுத்து, அதுக்கப்புறம்தான் 66சியில எஃப்ஐஆர் ஆச்சு. பிஎன்எஸ்எஸ் 173(2)படி காப்பி இலவசமா உடனே குடுக்கணும், குடுத்தாங்க. அதை வச்சு லோன் கம்பெனிக்கும் கிரெடிட் தகவல் கம்பெனிக்கும் எழுதினோம். 30 நாளைக்குள்ள திருத்தலைன்னா ஒரு நாளைக்கு 100 ரூபாய் நஷ்டஈடுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கிறதையும் லெட்டர்ல சேர்த்தோம், கடன் அவங்க பேர்ல இருந்து போயிடுச்சு. 66சி கேஸ் இன்னும் விசாரணையில இருக்கு, 90 நாளைக்குள்ள நிலவரம் சொல்லணும்னு பிஎன்எஸ்எஸ் 193(3)ல இருக்கிறதால அதுக்கு ஒரு மனு தயார் பண்ணிக்கிட்டு இருக்கோம்.