ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு சீட்டு

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் நாலரை, லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா. நடைக்காரர்கள் சுற்றிச் சுற்றி வரும் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மரத்தடியில் ரெண்டு பெஞ்சு. மாதம் ஒரு புத்தகம் படித்துவிட்டு வந்து பேசுகிற கூட்டம், மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஒன்றாக வந்தது ஒரே ஒரு தடவை, தீபாவளி முடிந்த வாரம். அதுவும் பட்சணத்துக்காக.

அமிர்தாஞ்சன் கம்பெனியை ஆரம்பித்த நாகேஸ்வர ராவ் பெயரில் இருக்கிற பூங்கா இது. "அதான் நாம தலைவலிப் புத்தகமா பாத்து எடுக்கறோம்" என்பார் மாமா. எங்களில் மூத்தவர், எல்லாருக்குமே மாமா.

புத்தகம் எடுப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. ஆரம்பத்தில் வாட்ஸப்பில் ஓட்டுப் போட்டோம். ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டே போய்விட்டார்கள். அப்புறம்தான் டீச்சர் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். ஆளுக்கு ஒரு சீட்டு. குலுக்கி எடுத்தால் வருவதுதான் அடுத்த மாதப் புத்தகம், மறுபேச்சு கிடையாது. வராத சீட்டுகள் உள்ளேயே கிடக்கும். சீட்டு யாருடையதோ அவர் வீட்டுச் சுண்டல்.

முந்நூறு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்ற சட்டம் பூமணியின் 'அஞ்ஞாடி'க்குப் பிறகு வந்தது. 2014இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல், அருமையான எழுத்து, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆயிரம் பக்கத்துக்கு மேல். 29சி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் அதைத் தூக்கிப் படித்துப் பாருங்கள், தெரியும். மூன்று மாதம் "போயிட்டே இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். முடித்தது ஐ.டி. தம்பி ஒருத்தன்தான். அவனுக்கும் வீட்டில் இருந்தபடி வேலை.

என் சீட்டில் இருந்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. ஐந்து மாதம் பாட்டிலிலேயே ஊறிக்கொண்டிருந்தது. பொறுக்காமல் மார்ச் மாதம் இன்னொரு சீட்டிலும் 'தண்ணீர்' என்று எழுதி, யாருக்கும் தெரியாமல் உள்ளே போட்டேன். செய்தேன், என்ன இப்போ. ஏப்ரலில் வந்தும்விட்டது. மே மாதக் கூட்டத்துக்குப் படிக்கணும். "அக்கினி நட்சத்திரத்துல இதா?" என்று டீச்சர் முகம் சுளித்தார்.

சின்னப் புத்தகம். வந்த ஏழு பேரும் முதல் தடவையாகக் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தார்கள். ஆனால் முதல் முக்கால் மணி நேரம் நாவலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுத் தண்ணீர்க் கதை.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு கிடந்தபோது தம்பி ஓ.எம்.ஆரில் ஒரு பி.ஜி. ஹாஸ்டலில் இருந்தானாம். ஆளுக்குக் காலையில் அரை பக்கெட். "ஆபீஸ் பாத்ரூம்தான்க்கா காப்பாத்திச்சு. அப்புறம் அவங்களும் வீட்லயே வேலை பாருன்னுட்டாங்க." வில்லிவாக்கம் அக்கா ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்ததைச் சொன்னார். ஐம்பது வேகன், இருபத்தைந்து லட்சம் லிட்டர். மாப்பிள்ளை ஊர்வலம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்களாம். "அதுல ஒரு குடம்கூட எங்க தெருவுக்கு வரலை, அது வேற."

எனக்கு 2003. ப்ளஸ் டூ. மந்தைவெளியில் எங்கள் தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிக்கு லாரி எப்போது வரும் என்பது டிரைவருக்கே தெரியாது. ராத்திரி பத்து மணிக்கே குடங்களை வரிசை வைத்து, கழுத்துகளில் ஒரே கயிற்றை விட்டுக் கட்டிவிடுவார்கள், நடுவில் யாரும் சொருகக்கூடாது என்று. எங்களுடையது பச்சைக் குடம். அடையாளத்துக்கு அம்மா அதன் கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் மூன்று புள்ளி வைத்திருந்தாள். லாரி வந்து கயிறு அவிழ்ந்ததும் நான் தெருவிளக்கு வெளிச்சத்தில் பொருளாதாரப் புத்தகத்தைப் பிடித்தபடி, குடத்தைக் காலால் தள்ளித் தள்ளி நகர்வேன். காலிக் குடம் தார் ரோட்டில் தேயும் சத்தம் ஒன்று உண்டு. தேவை-அளிப்பு விதியை நான் படித்தது அந்தச் சத்தத்தில்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நாவலில் வரும் ஜமுனா பேச்சுக்கு வந்தாள். சினிமாவில் வாய்ப்பு வரும் என்று பாஸ்கர் ராவ் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறவள். டீச்சருக்கு அவள்மேல் பயங்கரக் கோபம். "தங்கச்சி சாயாவுக்கு இருக்கற புத்தி இவளுக்கு எங்க போச்சு?" மாமா சண்டைக்கு வந்தார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர், அந்த மாதிரி ஜமுனாக்கள் எத்தனை பேர் வாசலில் நின்றதைப் பார்த்திருப்பார், அதனால்தான் அவளைத் திட்டாமல் எழுத முடிந்தது என்றார். "திட்டாம எழுதினா நான் திட்டக்கூடாதா?" என்றார் டீச்சர். நான் மாமா கட்சி. ஆனால் கதையில் வரும் டீச்சரம்மாவைப் பற்றி எங்கள் டீச்சர் பேசப் பேச, அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது, எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

வாட்ச்மேன் விசில் ஊதும்வரை பேச்சு ஓயவில்லை. என் வேர்க்கடலைச் சுண்டல் காலி. அவசர அவசரமாகப் பாட்டிலைக் குலுக்கித் தம்பியிடம் நீட்டினார்கள். அவன் சீட்டைப் பிரித்தான். படித்தான். திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இது உங்க கையெழுத்துதானே?"

ஜூன், ஜூலை ரெண்டு மாதத்துக்கும் சுண்டல் என் தலையில். கொண்டைக்கடலைதான் வேண்டுமாம்.