அப்பாவின் வைப்புத்தொகையும் விண்ணப்பத்தில் விடுபட்ட ஒரு பெயரும்

அப்பா காலமாகி ஒன்பது மாதங்களுக்குப் பிறகு, சென்ற வாரம்தான் அவருடைய கடைசி வைப்புத்தொகை எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் எதையும் ஒழுங்காக வைத்துக்கொள்பவர். பாஸ்புக், இரண்டு வைப்புத்தொகை ரசீதுகள், ஓய்வூதிய ஆணை எல்லாம் பீரோவில் ஒரே மஞ்சள் பையில் இருந்தன. ஒரு காகிதம்கூடத் தொலையவில்லை. அப்படியிருந்தும் இவ்வளவு அலைந்தோம் என்பதால்தான், எங்கே இடறினோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் இடறல் பெயரில் வந்தது. பாஸ்புக்கில் அப்பாவின் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் இருந்தது. ஒரு ரசீதில் பெயருக்குப் பின்னால் இருந்தது. ஆதாரில் அந்த ஒற்றை எழுத்து தாத்தாவின் முழுப்பெயராக விரிந்திருந்தது. மருத்துவமனையில் யாரோ கேட்க, யாரோ சொல்ல, இறப்புச் சான்றிதழில் முன்னெழுத்தே இல்லாமல் பதிவாகிவிட்டது. நோட்டரி முன்னிலையில், இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று அம்மா ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்த பிறகுதான் வங்கியில் கோப்பே திறந்தார்கள். இறப்பைப் பதிவு செய்யக் கொடுக்கும் படிவத்தில், துக்கத்துக்கு நடுவிலும் வீட்டில் ஒருவர் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட வேண்டும். பதிவான பின் திருத்துவது தனி அலைச்சல்.

இரண்டு வைப்புத்தொகைகளில் ஒன்றுக்கு அம்மா நாமினி. அது ஒரே நாளில் முடியும் என்று நம்பித்தான் போனோம். கவுன்ட்டரில் இருந்த அலுவலர், நாமினி இருந்தாலும் வாரிசுச் சான்றிதழும் இரண்டு ஜாமீன்தாரர்களும் வேண்டும் என்று சொல்லி அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். முட்டிவலியோடு இரண்டு பேருந்து மாறி வந்தவர், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார். அது இன்னும் என் மனத்தில் ஆறவில்லை. நாமினி பதிவாகியிருக்கும் கணக்குக்கு வாரிசுரிமைச் சான்றிதழோ, பின்னால் இழப்பு வந்தால் ஈடுசெய்வோம் என்று எழுதித்தரும் ஈட்டுறுதிப் பத்திரமோ கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005-ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதை அச்செடுத்து, உரிய பத்திக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, மறுவாரம் நேராக மேலாளரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். அதே அலுவலரை அழைத்து, இறப்புச் சான்றிதழையும் அம்மாவின் அடையாள அட்டையையும் மட்டும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். வைப்புத்தொகை முதிர்வதற்கு முன்பே முடிக்கப்பட்டாலும் அதற்காக அபராதம் எதுவும் பிடிக்கவில்லை. அன்று மாலை அம்மா பல நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகக் காப்பி போட்டுக் குடித்தார்.

இன்னொரு வைப்புத்தொகைக்கு நாமினி இல்லை. தொகை மூன்று லட்சம். இங்கே ஒரு சொல் எங்களுக்கு இரண்டு வாரங்களைத் தின்றது. வட்டாட்சியர் தருவது வாரிசுச் சான்றிதழ். நீதிமன்றம் தருவது வாரிசுரிமைச் சான்றிதழ். காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வங்கியில் கேட்டது முதலாவது; நாங்கள் புரிந்துகொண்டு வழக்கறிஞரிடம் ஓடியது இரண்டாவதற்கு. நல்ல வேளையாக, மனு தாக்கல் செய்யும் முன் வங்கியில் எழுத்துமூலம் கேட்டு வரும்படி அவரே சொல்லிவிட்டார். எந்த அலுவலகத்திலும், தேவையான ஆவணங்களின் பட்டியலை எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். ரிசர்வ் வங்கி 2025-இல் வெளியிட்ட விதிகளின்படி, நாமினி இல்லாத கணக்குகளிலும் வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை எளிய நடைமுறையில் முடித்துக்கொடுக்க வேண்டும். கூட்டுறவு வங்கிகளில் அந்த வரம்பு 5 லட்சம். எல்லா ஆவணங்களும் கிடைத்த 15 நாட்களுக்குள் தீர்வு காண வேண்டும் என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. ஆகவே ஆவணங்களைக் கொடுத்த தேதியிட்டு ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். அம்மா, நான், தங்கை என்று மூன்று பெயர்கள். விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் திண்ணையில் அமர்ந்து, படிவத்தை மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இறந்தவருடைய தாயார் இருக்கிறாரா?" என்று கேட்டார். சித்தப்பா வீட்டில் இருக்கும் எண்பத்து நான்கு வயதுப் பாட்டியை எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் ஆகியோருடன் அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அந்த வகுப்பில் வருவதில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பாட்டியின் ஆதாரை வாங்கிவந்து, முதலிலிருந்து மீண்டும் விண்ணப்பித்தோம். அந்த அலுவலரிடம் எனக்கு இன்றும் நன்றியுணர்வுதான். பாட்டியின் பெயர் இல்லாமல் சான்றிதழ் வந்திருந்தால், பின்னர் அதை ரத்து செய்து வாங்க வேண்டிய நிலை வந்திருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தாய் உயிரோடு இருக்கையிலேயே பங்கைப் பிரித்துக் கொடுக்காமல் தாமதித்தால், அவருக்குப் பின் அந்தப் பங்கு அவருடைய வாரிசுகளான சித்தப்பா, அத்தை அனைவருக்கும் போகும், கையெழுத்துகளின் எண்ணிக்கை பெருகும்.

பாட்டி உரிமையை விட்டுக்கொடுத்து ஒரு கடிதம் தந்தால் முழுத் தொகையையும் அம்மாவுக்கே கொடுத்துவிடலாம் என்று வங்கியில் வழி சொன்னார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. "அத்தைக்கு வர வேண்டியதை நான் எப்படி வாங்கிக்கொள்வது?" என்றார். நான்கு சம பங்குகள் என்று முடிவானது. பாட்டியால் பயணம் செய்ய இயலாததால், சித்தப்பா ஊரிலுள்ள அதே வங்கியின் கிளையில், மேலாளர் முன்னிலையில் கைநாட்டு வைக்க ஏற்பாடு செய்தோம். மை தொட்ட கட்டைவிரலைப் படிவத்தின் மேல் நிறுத்திக்கொண்டு, "என் பிள்ளை காசுக்கு நான் கைநாட்டு வைக்கணுமா?" என்று கேட்டார் பாட்டி. யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. மேலாளரே எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து வைத்தார்.

தொழிலாளர் வைப்புநிதி அலுவலகத்தில் அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் எந்தச் சிக்கலும் இல்லாமல் மாறியது. அப்பா வாங்கிவந்ததில் பாதி. அங்கே ஒரு எச்சரிக்கை மட்டும்: இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையில் பணம் எடுக்காதீர்கள். இறந்த பிறகும் கணக்கில் ஏறிய ஓய்வூதியத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும்.

இந்த அலைச்சல் முடிந்ததும் அம்மாவை உயில் எழுத வைத்தோம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் நாங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். சாட்சிகளாக அம்மாவைவிட இளையவர்களையே அழைத்தோம். பிற்காலத்தில் சாட்சி சொல்ல அவர்கள் இருக்க வேண்டுமல்லவா? நாமினி போட்டாயிற்றே, உயில் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே, அதனால் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதை, பங்குகள் தொடர்பான ஒரு வழக்கில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. என் கணக்குகளையும் திறந்து பார்த்தேன். இரண்டில் நாமினி இல்லை. 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை, பங்கு விகிதம் குறித்தே நியமிக்கலாம் என்பதால் மனைவியையும் இரு பிள்ளைகளையும் பதிவு செய்தேன்.

பாட்டியின் பங்குக்கு அவர் பெயரில் புதிய கணக்கு தொடங்கினோம். நாமினி யார் என்று அலுவலர் கேட்டபோது, சித்தப்பா அருகிலேயே நின்றிருந்தார். பாட்டி அம்மாவின் பெயரைச் சொன்னார்.