தங்கத்துக்குக் 'கே': வியன்னா நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 8, சனி. கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

வியன்னா புவியறிவியல் மாநாட்டு அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. அதில் என் பெயருக்கு 'ஜி', பாஸ்போர்ட்டில் 'கே'. கேரளத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கமணி என்ற என் பெயரின் 'க'வுக்கு ஆங்கிலத்தில் 'கே' போட்டார்கள்; எம்.எஸ்சி. படித்த கோயம்புத்தூரில் அது 'ஜி' ஆனது, கட்டுரைகளிலும் அதுவே நிலைத்தது. இத்தனை வருஷம் இரண்டு தங்கமணியும் சண்டையில்லாமல் இருந்தார்கள். விசாவுக்கு அது ஆகாது. மாநாட்டுப் பதிவில் பெயரை மாற்றிக் கடிதத்தைப் புதிதாக எடுத்தேன். பத்து நிமிட வேலை. போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே பதிவு செய்யுங்கள், விமான டிக்கெட்டும் அப்படியே.

பிப்ரவரி 13, வியாழன்

கோவையில் தொடங்கிய வங்கிக் கணக்கிலும் 'ஜி'. விசாவுக்கு வங்கி அறிக்கை கட்டாயம். கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயா சென்டரில், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சொல்லும் 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். வில்லேஜ் ஆபீஸில் மலையாளத்தில் கேட்டார்கள், நான் தமிழில் சொன்னேன், இரண்டு பக்கமும் புரிந்தது. இந்தப் பக்கம் அது வழக்கம்தான்.

மார்ச் 4, செவ்வாய். சென்னை

சேரன் எக்ஸ்பிரஸில் வந்து விசா மையத்தில் வரிசையில் நின்றேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் உயிரோடிருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். முடிவுக்குப் பொதுவாக 15 நாள்; ஆறு மாதம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், நான்தான் இழுத்துவிட்டேன்.

கைரேகை விழவில்லை. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கக் கிணறுகளில் நீர்மட்டம் அளந்து, கயிறு இழுத்து, விரல்நுனி காய்த்துப் போயிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து மூன்றாவது தடவைதான் பத்து விரலும் பதிந்தன.

மார்ச் 24, திங்கள்

விசா வந்தது. 'கே'.

ஏப்ரல் 12, சனி

மாநாட்டில் வைக்க வேண்டிய ஆய்வுப் போஸ்டரை ஏ0 அளவில் நெட்டுவாக்கில் அடித்துவிட்டேன். அப்புறம்தான் விதிமுறையைப் படித்தேன்: பலகை படுக்கைவாக்கில். இரண்டாவது தடவை துணியில் அச்சடித்தேன். மடித்துப் பெட்டிக்குள் வைக்கலாம், குழாயைத் தோளில் சுமக்க வேண்டாம். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

ஏப்ரல் 25, வெள்ளி

அத்தை ஒரு பாட்டில் நெய் கொண்டுவந்தார். "அம்மிணி, அங்க என்னத்தத் திம்ப?" பாலும் இறைச்சியும், அவற்றில் செய்ததும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்றேன். நம்பவில்லை. புளிக்காய்ச்சல் மட்டும் பெரிய பெட்டியில் போகிறது. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு. வியன்னா

கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து வந்தாயிற்று. இப்போது வியன்னா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை. விமான நிலையத்திலிருந்து நகருக்குப் பச்சை நிற சிட்டி ரயிலில் பதினாறே நிமிடம், விலைதான் அதிகம். சாதாரண எஸ் 7 ரயிலே போதும், ஆனால் நகர டிக்கெட் விமான நிலையம் வரை செல்லாது, கூடுதல் வலயத்துக்கும் டிக்கெட் வாங்க வேண்டும். மாநாட்டுக் கூடத்துக்கு யு 1 மெட்ரோ. வாசலில் தடுப்புக் கதவு கிடையாது. அதை நம்பி டிக்கெட்டில் முத்திரை குத்தாமல் ஏறாதீர்கள். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார்.

ஞாயிறு என்பதால் கடைகள் மூடியிருந்தன. பெரிய ரயில் நிலையக் கடை ஒன்றில் ரொட்டி கிடைத்தது. போன் சார்ஜரின் இரண்டு முள் பொருந்தியது, லேப்டாப்பின் மூன்று முள் பொருந்தவில்லை. அடாப்டர் வீட்டில் மேஜை மேல் இருக்கிறது.

குழாய்த் தண்ணீர் மட்டும் அமிர்தம். 1873 முதல் ஆல்ப்ஸ் ஊற்றுநீரைக் குழாய் வழியே கொண்டுவருகிறார்கள். ஆழ்குழாய்க் கிணற்றை இன்னும் எத்தனை அடி இறக்கலாம் என்று கேட்கும் ஊர்க்காரி, மூன்று டம்ளர் நின்றபடியே குடித்தேன்.

மே 1, வியாழன்

விடுமுறை, மறுபடியும் கடைகள் இல்லை. நேற்றே வாங்கி வைத்த அரிசியும் புளிக்காய்ச்சலும் காப்பாற்றின. போஸ்டருக்கு முன்னால் ஒரு பையன் நின்று படத்தைப் பார்க்காமல் என் பெயர் அட்டையையே பார்த்தான். கோவைக்காரன்.

"அக்கா, பாலக்காடா?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"தங்கத்துக்குக் 'கே' போட்டிருக்கீங்களே."