கையால் செய்த வன்முறை

அனிமேஷன் குறும்படங்களில் வரும் வன்முறையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "பொம்மைதானே, அடிபட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகத்தான் படுகிறது. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஓங்கிய கை தற்செயலாகச் சற்று வேகமாக இறங்கிவிடலாம். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், என்ற கணக்கில் ஒரு பொம்மையின் கையை மயிரிழை மயிரிழையாக நகர்த்துபவருக்குத் தற்செயல் என்று ஒன்று கிடையாது. கன்னத்தில் ஓர் அறை விழுவதற்குள் பொழுதே சாய்ந்துவிடலாம்; அதுவரை அவர் அந்த அறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கனடா அரசின் திரைப்பட வாரியத்தில் நார்மன் மெக்லாரன் 1952இல் எடுத்த 'நெய்பர்ஸ்' எட்டு நிமிடப் படம். உயிருள்ள மனிதர்களையே பொம்மைகளைப் போல ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுத்தது அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்க, நடுவே ஒரு பூ முளைக்கிறது. பூ யாருக்கு என்பதில் வேலி வருகிறது, வேலிக்குச்சியே வாளாகிறது. அதுவரை சிரித்துக்கொண்டே பார்க்கலாம். பிறகு ஒருவர் வீட்டை மற்றவர் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் மனைவியையும் கைக்குழந்தையையும் அடித்து வீழ்த்துகிறார். அமெரிக்க, ஐரோப்பியத் திரையிடல்களுக்காக இந்தக் காட்சியை வெட்டினார்கள். வியட்நாம் போர்க் காலத்தில்தான் அது மீண்டும் சேர்ந்தது. வெட்டிய பிரதியில் எஞ்சுவது இரண்டு முட்டாள்களின் சண்டை மட்டுமே. போர் என்றால் சண்டையிடாதவர்களும் சாவார்கள் என்ற செய்தி கத்தரியோடு போய்விடுகிறது.

இணையத்தில் இன்று குவிந்து கிடக்கும் பல படங்கள் இதைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. கைபேசியைப் பார்த்தபடி நடக்கும் கூட்டம், திடீரென்று தெறிக்கும் ரத்தம், முடிவில் சோகமான பியானோ: சமூக விமர்சனம் முடிந்தது. அங்கே ரத்தம் வெறும் சிவப்பு மைதான்.

மைக்கேல் கோவியரும் வில் மெக்கார்மக்கும் 2020இல் எடுத்த 'இஃப் எனிதிங் ஹேப்பன்ஸ் ஐ லவ் யூ' படத்தில் ரத்தமே இல்லை. பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த பெற்றோரின் கதை. நாம் பார்ப்பது பள்ளித் தாழ்வாரத்தையும் அங்கே தொங்கும் அமெரிக்கக் கொடியையும்தான். வெடிச் சத்தம் காதில் மட்டும் விழுகிறது. யாரைக் கேள்வி கேட்கிறார்கள் என்பதை அந்தக் கொடியே சொல்லிவிடுகிறது.

ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்தது சிலி நாட்டு இயக்குநர் ஹியூகோ கோவருபியாஸ் 2021இல் எடுத்த 'பெஸ்டியா'. அந்நாட்டுச் சர்வாதிகாரி பினோசேயின் ரகசியப் போலீசில் பணியாற்றி, கைதிகளைச் சித்திரவதை செய்ய நாய்களைப் பழக்கிய இங்க்ரிட் ஓல்டராக் என்ற பெண்ணை வைத்துப் பின்னிய படம். வசனமே கிடையாது. பொம்மையாக வரும் அவளுடைய தலை பீங்கானைப் போலப் பளபளக்கும். சாப்பிடும்போதும், நாயோடு இருக்கும்போதும், வேலைக்குப் போகும்போதும் முகம் ஒன்றேதான். கோபமோ வெறியோ தெரிந்திருந்தால் அவளை அரக்கி என்று ஒதுக்கிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தப் பீங்கானில் மினுங்கியது விளக்கொளி மட்டும்தான்.