பனங்கிழங்கு அவிக்கிறது கடைசி ஒரு மணி நேர வேலை

மார்கழி பாதி தாண்டுனா போதும், எங்க பக்கம் எந்த பஸ்டாண்டுல எறங்குனாலும் பனங்கிழங்கு கட்டு கண்ணுல பட்டுரும். ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, அங்கிட்டு உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் வரைக்கும் இதே கதைதான். சாக்கை விரிச்சு மஞ்ச வாசத்தோட அவிச்ச கிழங்கை அடுக்கி வச்சிருப்பாங்க, பச்சைக் கிழங்கு ஒரு பக்கம் பத்து, இருபத்தஞ்சுன்னு பனநாருல கட்டிக் கெடக்கும், பஸ் நின்னதும் ஒரு ஆத்தா ஓலைப்பெட்டியத் தூக்கிக்கிட்டு ஜன்னல் ஜன்னலா நடந்து வருவாங்க. பஜ்ஜி, வடை, சமோசாவெல்லாம் வருசம் பூராம் கெடைக்கும், இது தை முடிஞ்சு மாசி பொறந்தா தேடணும். அதனாலயே எனக்கு இது மேல ஒரு தனி பிரியம்.

இப்ப யூடியூப்ல பனங்கிழங்கு செய்முறைன்னு போட்டா குக்கர்ல வச்சு விசில் விடுறதை மட்டும்தான் காட்டுறாங்க. அது தப்புன்னு சொல்லல, ஆனா அது கடைசி ஒரு மணி நேர வேலை. அதுக்கு முன்னாடி 3 மாசத்துக்கு மேல மண்ணுக்குள்ள ஒரு சமையல் நடந்திருக்கு, அதுக்கும் முன்னாடி மரத்துக்காரங்க ஒரு முடிவு எடுத்திருக்காங்க. அதத்தான் இங்க எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

மொதல்ல அந்த முடிவு. பொம்பளப் பனைதான் காய்க்கும், ஆம்பளப் பனை காய்க்காது, இது எல்லாருக்கும் தெரியும். காய்க்கிற மரத்துல பாளை விட்டதும் அதைச் சீவி பதநீ எறக்கிட்டா அந்தப் பாளையில காய் இல்ல. சரி, சீவாம விட்டாச்சு, காய் எறங்குது, அதை சித்திரை வைகாசியில நுங்கா வெட்டிட்டா பழம் இல்ல. நுங்கையும் வெட்டாம மரத்துலயே விட்டாத்தான் ஆவணி புரட்டாசியில பழுத்து விழும், அந்தப் பழத்துக்குள்ள இருக்க கொட்டையில இருந்துதான் கிழங்கு. அதாவது ஒரு குலை ஒண்ணு பதநீ, இல்லாட்டி நுங்கு, இல்லாட்டி கிழங்கு, மூணும் ஒண்ணா கெடைக்காது. வெயில் காலத்துல நுங்குக்கு கையில காசு வருதுன்னு எல்லாத்தையும் வெட்டிப் போட்டா தை மாசம் பாத்தி காலியாத்தான் கெடக்கும். பொங்கலுக்கு நம்ம கைக்கு வர்ற கிழங்குக்குப் பின்னாடி கோடையில ஒருத்தர் கைய அடக்கிக்கிட்டு அந்தக் குலைய விட்டு வச்சிருக்காரு, இது யாரும் யோசிக்கிறது இல்ல.

பழம் விழுற நாளுல கடக்கரை ஓரத்துப் பனங்காட்டுக்குள்ள நடந்தீங்கன்னா வாசம் மூக்கைத் தொளைக்கும். கொஞ்சம் பழத்தைச் சுட்டுத் திம்பாங்க, கொஞ்சம் மாடு சப்பும், மிச்சத்தைக் குமிச்சு போட்டு அழுகவிட்டு கொட்டைய மட்டும் எடுப்பாங்க. நல்ல பழத்துல 3 கொட்டை இருக்கும், சிலதுல ரெண்டு, சிலதுல ஒண்ணு. எங்க அப்பத்தா காலத்துல விடியக்காலமே கடகாப்பெட்டியோட கெளம்பிருவாங்களாம், யார் காட்டுல விழுந்ததா இருந்தாலும் கொட்டைய பொறுக்கிக்கிறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

அப்புறம் பாத்தி. இதுலதான் கைத்தெறம் இருக்கு. பள்ளம் தோண்டிப் பொதைக்கிறதுன்னு வெளியூர்ல நெனைக்கிறாங்க, எங்க பக்கம் மண்ணை மேல குமிச்சு மேடாத்தான் போடுவாங்க. முழங்கால் ஒசரத்துக்கு மணலைக் கொட்டி, தட்டி சமமாக்கி, அதுக்கு மேல கொட்டைய ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாப்ல நெருக்கி அடுக்கணும், கொட்டையில மொளை வர்ற கண்ணு கீழ பாத்தாப்ல இருக்கணும்னு அப்பத்தா ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பி வைப்பாங்க, மேல லேசா மணலைத் தூவி காஞ்ச ஓலைய மூடிருவாங்க. மேடாப் போடுறதுக்கு காரணம் இருக்கு. கொட்டையில இருந்து வர்ற மொளை நேரா கீழதான் போகும், போற வழி பூராம் பொலபொலன்னு மணலா இருந்தா கிழங்கு நீளமா, நேரா, தடியா எறங்கும். வழியில கல்லோ களிமண்ணோ தட்டுப்பட்டா கோணிக்கும், நுனி ரெண்டா பிரிஞ்சிரும், நார் ஏறிரும். மேடுன்னா பிடுங்குறப்பவும் சுலபம், ஓரத்துல இருந்து மணலைச் சரிச்சாலே கிழங்கு வரிசையா தெரிய ஆரம்பிச்சிரும். கடக்கரை மணல்ல வெளைஞ்ச கிழங்குக்கும் உள்நாட்டு கரிசல்ல வெளைஞ்சதுக்கும் தின்னு பாத்தாலே வித்தியாசம் தெரியும், இதை நான் இந்த ஊருக்காரிங்கிறதுக்காக சொல்லல, மணல்தான் காரணம்.

தண்ணி யாரும் ஊத்துறது இல்ல. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு பேய்ற மழையே பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையிலதான், அந்த மழைய நம்பித்தான் புரட்டாசியிலயே பாத்தி போட்டு வைக்கிறது. மழை ஏமாத்துன வருசம் கிழங்கு குச்சி மாதிரி இருக்கும், அப்ப ஆத்தாமார்கிட்ட "என்னாத்தா இம்புட்டு ஒல்லியா இருக்கு"ன்னு கேக்கக்கூடாது.

இப்ப உள்ள நடக்குறதைச் சொல்றேன், எனக்கு இதுல இன்னைக்கும் ஆச்சரியம் தீரல. நுங்கா இருந்தப்ப வழுவழுன்னு இருந்தது பழுத்ததும் உள்ள கல்லு மாதிரி வெள்ளையா கெட்டி ஆயிரும், பல்லு எறங்காது. கொட்டை மொளைச்சதும் உள்ள பஞ்சு மாதிரி ஒண்ணு உருவாகும், அதுதான் தவுணு. இந்தத் தவுணு அந்தக் கெட்டிப் பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு உறிஞ்சி வளரும், உறிஞ்சுனதை மொளை வழியா கீழ அனுப்பும், கீழ போனதுதான் மாவுச்சத்தா சேந்து கிழங்கா திரளுது. நாம திங்கிற மாவு பூராம் மேல கொட்டைக்குள்ள இருந்து எறங்கி வந்ததுதான். அதனால ரெண்டும் ஒரே நேரத்துல உச்சத்துல இருக்காது. கார்த்திகையில ஒரு கொட்டைய எடுத்து வெட்டுனா தவுணு மொறுமொறுன்னு இனிப்பா இருக்கும், கிழங்கு பென்சில் தடிமன் கூட வந்திருக்காது. தை மாசம் கிழங்கு தெரண்டப்பறம் வெட்டுனா தவுணு தண்ணி கோத்து சப்புன்னு போயிருக்கும், அதை ஆட்டுக்குப் போட வேண்டியதுதான். சின்னப் புள்ளைக பாத்தியில கைய விட்டு ஓரத்துக் கொட்டைய திருடுறது தவுணுக்காகத்தான், அப்பத்தா அருவாளோட வெரட்டுனாலும் ஒரு மூலையக் கணக்கு பாக்காம விட்டு வச்சிருப்பாங்க.

பிடுங்குனதும் மேல்தோலை உரிச்சு, அடியில வேரையும் நுனியையும் நறுக்கி, மண்ணு போக அலசணும். அவிக்கிறவங்க பெரிய அண்டாவுல கிழங்கை நிப்பாட்டி நெருக்கமா அடுக்குவாங்க, படுக்க வச்சா அடியில இருக்கது கொழைஞ்சு மேல இருக்கது வேகாம நிக்கும். மஞ்சத்தூள், கல்லுப்பு, முங்குற அளவு தண்ணி, மேல ஈரச்சாக்கு. உப்புக்கு எங்க பக்கம் பஞ்சமே இல்ல, மாரியூர் வாலிநோக்கத்துல அரசாங்கத்தோட உப்பளமே இருக்கு. அடுப்புக்கும் பனமட்டையத்தான் வைப்பாங்க. ஒரு மணி நேரம் ஆவும். வெந்துருச்சான்னு பாக்க கத்தியெல்லாம் வேணாம், ஒண்ணை எடுத்து நடுவுல ஒடிச்சா பட்டுன்னு ஒடிஞ்சு மாவா தெரியணும், இழுத்துக்கிட்டு வந்தா இன்னும் வேகணும்.

வீட்டுக்குன்னா குக்கர் போதும், பாதியா நறுக்கி போட்டு அஞ்சாறு விசில் விடுங்க. ஆனா என்னைக் கேட்டா சுட்ட கிழங்குக்கு முன்னாடி அவிச்சது நிக்காது. உரிக்காம தோலோட கங்குக்குள்ள பொதைக்கணும், தீ எரியக்கூடாது, கங்கு மட்டும் இருக்கணும், தேங்கா மட்டைக் கங்குன்னா இன்னும் நல்லது. மேல்தோல் கருகி வெடிக்குறப்ப எடுத்து தட்டி உரிச்சா உள்ள செவசெவன்னு இருக்கும், அவிச்சதுல வர்ற ஈரம் இதுல கெடையாது, லேசா ஒரு கசப்பு, அதுக்குப் பின்னாடி ஒரு இனிப்பு. கடையில யாரும் சுட்டு விக்கிறது இல்ல, வீட்டுல வெந்நி போடுற அடுப்பு இருக்கவங்களுக்கு மட்டும் கெடைக்கிற பாக்கியம். கேஸ் அடுப்புல நேரா காட்டுறவங்க இருக்காங்க, அது வேணாம், வெளிய கருகி உள்ள பச்சையா நிக்கும்.

திங்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. நுனியில இருந்து ரெண்டா பொளந்து நடுவுல இருக்க பீலிய எடுக்கணும், பீலிங்கிறது மொதல் ஓலை, உள்ளயே சுருண்டு கெடக்கும். அதோட ஒட்டுன மாவைப் பல்லால இழுத்துத் திம்போம். அப்புறம் கிழங்கோட நாரை மேல இருந்து கீழ உரிச்சிக்கிட்டே சின்னச் சின்னதா கடிக்கணும். அவசரத்துல திங்கிற பண்டம் இல்ல இது, ராமநாதபுரத்துல பஸ் ஏறி கிழங்கை உரிக்க ஆரம்பிச்சா கீழக்கரை வர்ற வரைக்கும் வாய்க்கு வேலை இருக்கும். பக்கத்து சீட்டுக்காரங்க யாரா இருந்தாலும் ஒண்ணை நீட்டாம திங்க முடியாது, அவங்களும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. பஸ்ல பழக்கமில்லாதவங்க குடுத்ததை வாங்கித் திங்காதன்னு புள்ளைகளுக்குச் சொல்லி வளக்குற அம்மாக்களே இதை மட்டும் வாங்கிக் குடுக்குறதைப் பாத்திருக்கேன்.

உத்தரகோசமங்கையில மார்கழி திருவாதிரைக்கு மரகத நடராசர் மேல இருக்க சந்தனத்தைக் களைவாங்க, வருசத்துல அந்த ஒரு தடவதான், ராத்திரி பூராம் கூட்டம் நிக்கும். அங்க விக்கிற கிழங்குதான் பெரும்பாலும் எங்களுக்கு அந்த வருசத்து மொத கிழங்கு. ஏர்வாடி தர்காவுக்கு வர்றவங்க கட்டுக் கட்டா வாங்கிட்டுப் போவாங்க, தங்கச்சிமடத்துல சர்ச்சுக்குப் போயிட்டு வர்றவங்க கையிலயும் அதே கட்டு. பொங்கலுக்கு கட்டிக்குடுத்த புள்ளைக்கு சீர் கொண்டு போறப்ப கரும்பு, மஞ்சக்கொத்தோட கிழங்குக் கட்டு இல்லாம எங்க வீட்டுல யாரும் படி எறங்க மாட்டாங்க. என் பெரியத்தை மதுரையில குடியேறி தலைமொறை ஆயிப்போச்சு, இன்னைக்கும் எங்க சித்தப்பா கிழங்குக் கட்டைத் தோள்ல போட்டுக்கிட்டுதான் அவுக வீட்டு வாசல்ல நிப்பாரு.

கடலுக்கு அந்தாண்ட யாழ்ப்பாணத்துலயும் இதே கிழங்குதான், ஆனா அவங்க கைப்பக்குவம் நம்மள விட ஒரு படி மேலன்னுதான் சொல்லணும். நாம அவிச்சுத் தின்னுட்டு முடிச்சிர்றோம், அவங்க பச்சைக் கிழங்கைப் பொளந்து காயவச்சு ஒடியல் ஆக்கிருவாங்க, அவிச்சுக் காயவச்சா புழுக்கொடியல். ஒடியலை மாவாக்கி மீன், நண்டு, இறால் போட்டு கூழ் காய்ச்சுவாங்க. மண்டபத்துல இலங்கை அகதிகள் முகாம்ல இருக்க ஒரு அக்கா வீட்டுல அந்தக் கூழை மொதமொதல்ல குடிச்சேன், காரமும் புளிப்புமா, அந்த மாவோட மெல்லிய கசப்பு கடைசியில வந்து நிக்கும். மாவை தண்ணியில ஊறவச்சு ஊறவச்சு கொட்டணும், இல்லாட்டி கசப்பு தூக்கிரும்னு அந்த அக்கா சொன்னாங்க. இம்புட்டு மீன் கெடைக்கிற நம்ம கரையில அந்தக் கூழ் ஏன் வழக்கத்துல இல்லைன்னு நெனைச்சா எனக்கு வருத்தமாத்தான் இருக்கு, நாமளும் பழகணும்.

வருத்தம்னு சொன்னதும் இதையும் சொல்லிர்றேன். ஈசிஆர் ரோட்டுல போறப்ப செங்கச்சூளைக்கு வெட்டி அடுக்குன பனந்துண்டுகளைப் பாத்தா வயிறு எரியும். பனை நம்ம மாநில மரம். மாவட்ட கலெக்டர் அனுமதி இல்லாம பனைய வெட்டக்கூடாதுன்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அரசு அறிவிச்சது, பனங்கொட்டை வெதைக்கவும் திட்டம் போட்டாங்க, நல்ல விசயம். ஆனா இன்னைக்கு வெதைச்சது வடலியாகி, அதாவது இளம்பனையாகி, அப்புறம் மரமாகி காய்க்க 12, 15 வருசத்துக்கு மேல ஆவும், இருக்க மரத்தை வெட்டிட்டு கொட்டை ஊன்றது ஈடாகாது. இன்னொண்ணு, மரம் இருந்தும் கொட்டை பொறுக்க ஆள் இல்லாத காடு இப்ப நெறைய. குனிஞ்சு பொறுக்கி, மணல் சுமந்து, பாத்தி போட்டு, பிடுங்கி, அவிச்சு, பஸ்டாண்டுல உக்காந்து விக்கிறது வரைக்கும் பெரும்பாலும் வயசான பொம்பளைகதான். போன தையில சாயல்குடியில ஒரு ஆத்தாகிட்ட பாத்தி யாருத்தா போட்டதுன்னு கேட்டேன். "நாந்தேன் தாயி, வேற யாரு போடுவா, மகன் திருப்பூர்ல பனியன் கம்பேனில கெடக்கான்"னாங்க. கிழங்கு ஒவ்வொண்ணும் ஒரு அடி இருந்துச்சு.

வாங்குறப்ப மேல்பக்கம் தடியா, தூக்குனா கனமா இருக்கதா பாத்து எடுங்க. தோலு சுருங்கி இருந்தா பிடுங்கி நாளாச்சுன்னு அர்த்தம். மேல ஓலை பச்சையா நீட்டிக்கிட்டு இருந்தா முத்திருச்சு, நாராத்தான் இருக்கும். பச்சைக் கிழங்குக் கட்டை ஃபிரிட்ஜ்ல திணிக்காம ஈரத்துணியில சுத்தி நெழல்ல வைங்க.

அவிச்சது மிஞ்சிருச்சுன்னா தூக்கிப் போட்டுறாதீங்க. நாரும் பீலியும் எடுத்துட்டு சின்னச் சின்னதா நறுக்கிக்கங்க. உரல்ல ரெண்டு வரமொளகா, நாலு பல்லு பூண்டு, கொஞ்சம் சீரகம், உப்பு வச்சு மொதல்ல இடிச்சிட்டு அப்புறம் கிழங்கைப் போட்டு இடிக்கணும், கடைசியில தேங்காத் துருவல். மொளகா நம்மூரு முண்டு மொளகாயா இருந்தா ரொம்ப நல்லது, 2023ல புவிசார் குறியீடு வாங்குன மொளகா அது, காரம் நாக்கைச் சுடாது, வாசம் தூக்கலா இருக்கும். மிக்சின்னா பல்ஸ்ல ரெண்டு சுத்து மட்டும், நைஸா அரைச்சா பிசின் மாதிரி ஒட்டிக்கும். உருண்டை பிடிச்சு அப்பவே தின்னுரணும், சாயங்காலத்துக்கு வச்சா கெட்டியாயிரும். காரம் ஆகாத புள்ளைகளுக்கு மொளகா பூண்டுக்குப் பதிலா கருப்பட்டியும் தேங்காயும் ஏலக்காயும் போட்டு இதே மாதிரி இடிச்சுக் குடுங்க.