எந்த முறையில் வந்த எண்?

தடுப்பூசி ஆய்வுகளில் சேர்ந்தவர்களின் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி, எங்கள் ஆய்வகத்துக்கு வரும். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி அதில் எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும். வேறு நோய்களுக்கு எலைசா (பிளேட்டில் ஒட்டும் ஆன்டிபாடியை நிறத்தை வைத்து அளக்கும் சோதனை) செய்து கை பழகியவர்கள்தான் இங்கே முதலில் தடுமாறுவார்கள்.

காரணம், பிளேட்டில் ஒட்டவைக்கும் பொருள். வைரஸின் வெளிக்கூட்டில் உள்ள எல்1 புரதம் தானாகவே கூடி, வைரஸ் போலவே ஒரு உருண்டையாகிவிடும். உள்ளே மரபணு இல்லாததால் தொற்றாது. தடுப்பூசியில் இருப்பதும் இதே சரக்குதான். முக்கியமான ஆன்டிபாடிகள் அந்த உருண்டையின் வடிவத்தைப் பார்த்துத்தான் பிடிக்கின்றன. பழக்கதோஷத்தில் காரத்தன்மை கூடிய பிஎச் 9.6 கார்பனேட் பஃபர் கரைசலில் கோட்டிங் போட்டால் உருண்டை குலைந்துவிடும். இங்கே பிபிஎஸ் என்ற நடுநிலையான உப்புக் கரைசல்தான், 4 டிகிரியில் இரவு முழுக்க. குலைந்த பிளேட்டிலும் ஓரளவு மஞ்சள் நிறம் வந்து தொலைக்கும் என்பதுதான் வம்பு. அதனால் எச்பிவியின் பல வகைகளில் 16ஆம் வகைக்கான பிளேட்டை, வடிவம் குலையாத எல்1-ஐப் பிடிக்கும் வி5 என்ற மோனோகுளோனல் ஆன்டிபாடியால் (ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும்படி ஆய்வகத்தில் உருவாக்கியது) சரிபார்த்த பிறகே சீரத்தைத் தொடுவோம்.

எலைசா, ஒட்டுகிற எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கும். ஒட்டியது வைரஸைத் தடுக்குமா என்று பார்க்க சூடோவைரியன் (போலி வைரஸ்) சோதனை: எல்1, எல்2 புரதங்களாலான கூட்டுக்குள் ஒரு நொதியின் மரபணு, அது நுழைவதற்கு ஆய்வகத்தில் வளர்க்கும் 293டிடி செல்கள், மூன்று நாள் காத்திருப்பு. ஆன்டிபாடி தடுத்தால் நொதி வராது. செல்களுக்கு மனநிலை சரியில்லாத வாரம் வந்தால் எல்லாம் போச்சு. இருந்தாலும் நான் நம்புவது இதைத்தான். தடுப்பூசி தயாரிக்கும் மெர்க் நிறுவனத்தின் லூமினெக்ஸ் முறை வேறு ரகம். வி5 போன்ற ஒரு ஆன்டிபாடியை இடத்தைவிட்டுத் தள்ளுவதை மட்டும் அளந்து, மில்லி மெர்க் யூனிட்டில் சொல்லும். வகைக்கு வகை அளவுகோல் வேறு என்பதால், அதில் 16ஆம் வகைக்கு வந்த எண்ணையும் 18ஆம் வகைக்கு வந்த எண்ணையும் ஒப்பிடவே கூடாது. அறிக்கை கேட்பவர்களோ எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடச் சொல்வார்கள்! எல்லா ஆய்வகங்களும் ஒப்பிட்டுக்கொள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பொதுத் தர சீரம் வந்த பிறகு இந்தச் சண்டை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

என் வேலையின் எல்லையைக் காட்டியது 2009இல் இந்தியாவில் தொடங்கிய எச்பிவி தடுப்பூசி ஆய்வு. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். 2010இல் எச்பிவி தடுப்பூசி ஆய்வுகளை அரசு நிறுத்திவைக்க, பல சிறுமிகள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். அவர்களின் ஆன்டிபாடி அளவு மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் பத்து ஆண்டுக் கண்காணிப்பில், 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு ஒரு டோஸில் 95.4 சதவீதம், மூன்று டோஸில் 93.3. இந்த அளவுக்குக் கீழே ஆபத்து என்று கோடு போட இன்றுவரை ஓர் எண் கிடையாது.

பக்கத்து வீட்டு அக்கா, மகளுக்கு ஊசி வேலை செய்கிறதா என்று டெஸ்ட் எடுக்கலாமா எனக் கேட்டார். "அவளுக்கு வேண்டாம்க்கா. உங்களுக்கு முப்பது தாண்டிவிட்டது, நீங்கள் எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட் எடுங்கள். அது ரத்தத்தில் பார்ப்பதில்லை, கருப்பைவாயில் எடுக்கும் மாதிரியில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது" என்றேன்.