‘பாஸ்’ என்ற ஓஏஇ தாளோடு அலைந்த கதை

எங்கள் மகளுக்குக் காது கேட்கவில்லை என்று கண்டுபிடித்ததைவிட, கேட்கிறது என்று ஒரு மருத்துவமனை அச்சடித்துக் கொடுத்த தாளைத் தாண்டி அதை நிரூபிப்பதுதான் எங்களைப் படாத பாடு படுத்தியது. குறைமாதத்தில் பிறந்தவள், மஞ்சள் காமாலை ஏறி, நீல விளக்கில் வைத்தும் இறங்காமல், என்ஐசியூ என்ற பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில், அவளது ரத்தத்தை எடுத்துப் புது ரத்தம் ஏற்றும் ரத்தமாற்றும் செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஓஏஇ (OAE) என்ற செவிப் பரிசோதனை மட்டும் செய்து, ‘இரு காதுகளும் பாஸ்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். குக்கர் விசில் பக்கத்திலேயே அடித்தாலும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை என்று சொன்ன இடத்திலெல்லாம், அந்தத் தாளைக் காட்டியே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஓஏஇ எதைப் பார்க்கிறது என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். உள்காதின் நத்தைக்கூட்டில் ஏறத்தாழ 12,000 வெளி மயிர்ச்செல்கள் இருக்கின்றன; ஒலி வந்ததும் அவை துடித்து, தாமே ஒரு மெல்லிய ஒலியை வெளிவிடுகின்றன. 1978-இல் டேவிட் கெம்ப் கண்டறிந்த இந்த எதிரொலியைத்தான் காதில் செருகும் சிறு மைக் பதிவு செய்கிறது. ஆனால் மூளைக்குச் செய்தி போவது பெரும்பாலும் 3,500 உள் மயிர்ச்செல்கள் வழியாகவும், அவற்றிலிருந்து கிளம்பும் நரம்பின் வழியாகவும்தான்; அந்தப் பாதையை ஓஏஇ பார்ப்பதே இல்லை. காமாலையில் கூடும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி தாக்குவதோ அந்த நரம்பையும் மூளைத்தண்டையும். அதனால்தான் என்ஐசியூவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கும் ரத்தமாற்று செய்த குழந்தைகளுக்கும் செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் செய்தி போகிறதா என்று பார்க்கும் பெரா (BERA) வகைப் பரிசோதனை வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. உங்கள் குழந்தை அப்படிப்பட்டது என்றால், டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே பெராவைக் கேட்டு வாங்குங்கள்.

பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். நாங்கள் முதலில் போன இடத்தில் அறைக்கு வெளியிலேயே டோக்கன் எண்ணை அறிவிக்கும் ஒலிபெருக்கி இருந்தது. சிரப் கொடுத்துத் தூங்க வைத்த குழந்தைக்கு அது கேட்கவில்லை என்றாலும், ஆட்கள் கதவைத் திறந்து மூடும் அதிர்விலும் வெளிச்சத்திலும் அவள் விழித்துக்கொண்டே இருந்தாள். ஒரு வழியாக முடித்துத் தந்த அறிக்கையில் ‘90 டெசிபெல் வரை அலைகள் இல்லை, மிகக் கடுமையான செவித்திறன் குறைபாடு’ என்று மட்டும் இருந்தது.

வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்திலும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை சென்னை ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்திலும் சிக்கலின்றிக் கிடைத்துவிட்டன. செவி நரம்பை மின்துடிப்பால் நேரடியாகத் தூண்டும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட்டைப் பொருத்த நாங்கள் தேர்ந்தெடுத்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில்தான் கோப்பு நின்றது. “ஒரு தாள்ல பாஸ்னு இருக்கு, இன்னொண்ணுல கேக்கலைன்னு இருக்கு. எது சரின்னு முதல்ல நீங்க முடிவு பண்ணிட்டு வாங்கம்மா” என்றார் அங்கிருந்த ஊழியர். கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதை எதிரறையிலேயே இருந்த மருத்துவரிடம் கேட்காமல், பெற்றவளிடம் கேட்டதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஆறு வயதுக்குள் செய்ய வேண்டிய சிகிச்சை என்று நான் சொன்னதற்கு, “இன்னும் நாள் இருக்கே” என்று பதில் வந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் வேறொரு மையத்தின் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர். பழைய பெரா அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் ‘பொலாரிட்டி: ஆல்டர்னேட்டிங்’ என்று இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். ஒலித்துடிப்பின் திசையை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சராசரி எடுத்தால், மயிர்ச்செல்கள் எழுப்பும் மின் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுமாம். அவர் இரு திசைகளையும் தனித்தனியே பதிவு செய்தார். திரையில் இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று தலைகீழாக நெளிந்தன. அடுத்து, காதுக்கு ஒலி செல்லும் குழாயை விரலால் நசுக்கிப் பிடித்ததும் இரண்டும் தட்டையாயின. அந்த அலை கருவியின் கோளாறு அல்ல, காதிலிருந்தே வருகிறது என்பதற்கு அதுவே சான்று. “மைக் நல்லாத்தான் இருக்கு, ஸ்பீக்கருக்குப் போற வயர்லதான் கோளாறு” என்றார். ஆடிட்டரி நியூரோபதி (காது ஒலியை வாங்கினாலும் நரம்பு வழியே செய்தி சரியாகப் போகாத நிலை) என்று பெயரிட்டு, ஓஏஇ பாஸ் ஆவதும் பெரா அலைகள் வராததும் இந்நிலையில் முரண் அல்ல, அதுவே இதன் அடையாளம் என்று அறிக்கையில் எழுதியும் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியத்தை எழுதி வாங்காமல் எந்தக் கவுன்டருக்கும் போகாதீர்கள்.

ரத்தமாற்று விவரம் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கம் எங்களுக்குத் தரப்படவே இல்லை. அதை ரெக்கார்டு ரூமிலிருந்து எடுக்க, பழைய ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) மட்டும்தான் உதவியது. அந்த எண்ணை ஃபோனில் படமெடுத்து வைத்திருப்பது நல்லது.

இதற்கிடையில், மயிர்ச்செல்லை மறுபடி வளர்க்கும் சொட்டு மருந்து என்று உறவினர் ஒருவர் விளம்பரம் அனுப்பினார். கோழி போன்ற பறவைகளுக்கும் மீன்களுக்கும் அழிந்த மயிர்ச்செல்கள் மீண்டும் முளைப்பது உண்மை. பாலூட்டிகளின் நத்தைக்கூட்டில் அது நடப்பதில்லை. தவிர, எங்கள் மகளுக்கு வெளி மயிர்ச்செல்களில் குறையே இல்லை.

சில மாதங்கள் காது கருவி போட்டும் பலன் இல்லை. எம்ஆர்ஐயில் செவி நரம்பு இருப்பது உறுதியான பிறகு அதே கவுன்டரில் கோப்பை வைத்தேன். அந்த ஊழியர், அறிக்கையில் அடிக்கோடிட்டிருந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, பேசாமல் முத்திரை குத்தினார். ஒப்புதல் வந்துவிட்டது. மூளைக்காய்ச்சலைத் தவிர்க்க நிமோகாக்கல் தடுப்பூசியை அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே முடித்திருக்க வேண்டும் என்பதால், தடுப்பூசி அட்டையின் நகலையும் இப்போதே கோப்பில் சேர்த்துவிட்டேன்.